பழுதானால் யார் திருத்துவது?

(எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம், கிராமங்களின் நிலைபேறான அபிவிருத்தியும் அதற்குப் பொருத்தமான தொழில்நுட்பமும். தலைப்பைக் கேட்டவுடன் இது ஏதோ பல்கலைக்கழக விரிவுரை என்று நினைத்து வானொலியை நிறுத்திவிட வேண்டாம். எங்களில் அநேகமானோர் வருடா வருடம் செய்கின்ற ஒரு காரியத்தோடு தொடர்புபட்ட விடயம் இது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் திருப்பணிச் சபை என்று ஏதோ ஒன்றின் ஊடாக நாங்கள் ஊருக்குக் காசு அனுப்புகிறோம். போர் முடிந்த 2009 ஆம் ஆண்டுக்குப் பிறகு ஊருக்குப் போய்வருவதும் கூடியது. "ஊருக்கு என்ன செய்யலாம்?" என்ற பேச்சும் கூடியது.

நான் பொறியியலாளனும் அல்ல, பொருளியல் படித்தவனும் அல்ல. 1995 இடப்பெயர்வோடு ஊரை விட்டு வெளிக்கிட்டு, பிறகு மெல்பேர்ணுக்கு வந்து, இங்கே ஒரு தொழிற்சாலையின் இயந்திரப் பராமரிப்புப் பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். எங்கள் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு இயந்திரம் வாங்குவதென்றால், வாங்க முன்னரே எங்களைக் கூப்பிட்டு மூன்று விடயம் கேட்பார்கள். இதற்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? எத்தனை நாளில் வந்து சேரும்? இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் உங்களில் யார்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், எவ்வளவு திறமான இயந்திரமாக இருந்தாலும் வாங்க மாட்டார்கள்.

எங்களுடைய ஊர்களுக்கு நாங்கள் எதையாவது வாங்கிக் கொடுக்கும்போது இந்த மூன்று கேள்விகளையும் கேட்கிறோமா? இதுதான் நான் இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

"பொருத்தமான தொழில்நுட்பம்" என்ற சொல்லைப் பிரபலப்படுத்தியவர்களுள் முக்கியமானவர் ஷூமாக்கர் என்ற பொருளியலாளர். ஜேர்மனியில் பிறந்தவர். நாசிகளின் ஆட்சி பிடிக்காமல் இங்கிலாந்துக்கு வந்தவர். போர் தொடங்கியதும் அங்கே அவரை எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்தார்கள். தோட்டக் கூலியாகவும் வேலை செய்தார். முகாம் வாழ்க்கை என்றால் என்னவென்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பின்னாளில் அவர் பிரித்தானியாவின் தேசிய நிலக்கரிச் சபைக்குப் பொருளியல் ஆலோசகரானார். 1955 இல் பர்மா அரசுக்கு ஆலோசனை சொல்லப் போனார். பணக்கார நாட்டின் பெரிய இயந்திரங்களை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஏழை நாட்டுக் கிராமத்தில் வைத்தால் அது நிற்காது என்று அங்கே அவருக்குப் பட்டது. மண்வெட்டிக்கும் உழவு இயந்திரத்துக்கும் நடுவிலே ஒன்று வேண்டும், அது அந்த ஊர் மக்களின் கைக்கும் காசுக்கும் அடங்க வேண்டும் என்றார். 1966 இல் இலண்டனில் இதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடக்கினார். 1973 இல் அவருடைய "சிறியதே அழகு" என்ற நூல் வெளிவந்தது.

ஆனால் அவருக்கு முன்னரே இதைச் சொன்ன ஒரு தமிழர் இருந்தார். ஜே. சி. குமரப்பா. 1892 இல் தஞ்சாவூரில் பிறந்தவர். இலண்டனில் கணக்காளராகத் தேறி, அமெரிக்காவில் பொருளியல் படித்து, பிறகு காந்தியோடு சேர்ந்துகொண்டார். 1934 இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் இவர்தான். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தரிசி, கடதாசி செய்தல், தாவர எண்ணெயில் எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றையும் எடுத்து, ஊர்க் கொல்லனும் தச்சனும் செய்யக்கூடிய விதத்தில் திருத்தி அமைத்தார்கள். 1945 இல் அவர் எழுதிய நூல், நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்பதைப் பற்றியது. ஷூமாக்கர் தமது எழுத்தில் குமரப்பாவை மேற்கோள் காட்டியிருக்கிறார். ஆகவே இது வெள்ளைக்காரர் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

எங்கள் கையில் இருந்தவை

இன்னும் கிட்ட வருவோம். யாழ்ப்பாணத்தில் 1990 இல் பொருளாதாரத் தடை வந்தபின் நாங்கள் எப்படி இருந்தோம்? மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் ஆனை விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கோத்து எரித்தோம். அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எடுத்தவர்கள் இன்று இந்த நகரத்திலும் வைத்தியர்களாக, கணக்காளர்களாக இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் றேடியோ செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இவை எதையும் எந்த நிறுவனமும் வந்து சொல்லித்தரவில்லை. பழுதானால் அடுத்த சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரரே திருத்தித் தந்தார்.

அதற்கு முந்திய தலைமுறைக்குத் துலா. பனையில் துலா, கிணற்றடியில் ஆடுகால், பனையோலைப் பட்டை, துலாக்கொடி. எல்லாம் ஊரிலேயே கிடைத்தன. ஆனாலும் துலாவை நான் புகழ்ந்து கொண்டிருக்க மாட்டேன். விடியப்புறம் நாலு மணிக்கு ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் தண்ணி மாற, வெயில் ஏறும்வரை முறிகிற வேலை அது. அந்த வேலை யாருடைய தலையில் விழுந்தது, யாருக்கு எந்தக் கிணற்றில் அள்ள அனுமதி இருக்கவில்லை என்பதும் எங்கள் ஊர்களின் வரலாறுதான். 1950கள், 60களில் மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு இயந்திரம் வந்தபோது சனம் துலாவைக் கைவிட்டது சரியான காரியமே. பழையது என்பதால் ஒன்று பொருத்தமானதாகிவிடாது. மனிதரின் முதுகைக் காப்பாற்றுவதும், எல்லோரும் அள்ளக்கூடியதாக இருப்பதும் பொருத்தத்தில் அடங்கும்.

கோயம்புத்தூரில் சோதித்த கைப்பம்பி

இனி ஒரு நல்ல கதை சொல்கிறேன். எங்கள் வன்னியிலும் இந்தியக் கிராமங்களிலும் குழாய்க்கிணற்றுக்கு மேலே நிற்கும் இரும்புக் கைப்பம்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் "இந்தியா மார்க் 2".

1960களின் கடைசியில் இந்தியாவில் கடும் வரட்சி வந்தது. யுனிசெவ் நிறுவனத்தின் உதவியோடு பாறையைத் துளைத்து ஆயிரக்கணக்கான குழாய்க்கிணறுகள் தோண்டினார்கள். மேலே வார்ப்பிரும்புக் கைப்பம்பிகளைப் பூட்டினார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், மிகப் பெரும்பாலானவை வேலை செய்யவில்லை. காரணம் சுலபமானது. அவை மேல்நாட்டில் ஒரு பண்ணைக் குடும்பம் நாளுக்குச் சில வாளி அள்ளுவதற்கென்று அமைத்த பம்பியின் பிரதிகள். இந்தியக் கிராமத்திலோ விடிய முதல் இருட்டும் வரை ஊரே வரிசையில் நின்று அடித்தது. வார்ப்பிரும்பு வெடித்துவிட்டது.

மகாராஷ்டிரத்தில் மிஷன் பட்டறைகளில் இருந்தவர்கள் இதற்கு ஒரு மாற்று வழி கண்டிருந்தார்கள். அதை அடிப்படையாக வைத்து, உருக்கினால், சங்கிலி வைத்த கைப்பிடியோடு ஒரு பம்பியை உருவாக்கினார்கள். 1970களின் நடுப்பகுதியில் கோயம்புத்தூர்ப் பகுதியில் கிணறுகளில் பூட்டிச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சென்னையில் ஒரு தொழிற்சாலையில் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு யாரும் காப்புரிமை எடுத்துப் பூட்டி வைக்கவில்லை. வரைபடம் பொதுச் சொத்து. இந்திய தர நிர்ணயம் ஒன்றை வகுத்து, அதன்படி எந்தப் பட்டறையும் செய்யலாம் என்று விட்டார்கள். அதனால் எந்த ஊரில் வாங்கிய பம்பிக்கும் வேறொரு ஊரில் வாங்கிய பாகம் பொருந்தியது. பின்னர் அது ஆபிரிக்கா வரை போனது.

அத்தோடு கதை முடியவில்லை. அந்தப் பம்பியிலும் ஒரு குறை இருந்தது. நிலத்துக்குக் கீழே உருளைக்குள் இருக்கும் ஒரு சிறிய வாசர் தேய்ந்து போனால், அதை மாற்றுவதற்கு முழுக் குழாயையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு லொறி வேண்டும், முக்காலி வேண்டும், பல ஆட்கள் வேண்டும். வாசரின் விலையோ மிகக் குறைவு. வாகனம் வரும்வரை வாரக்கணக்கில் ஊர் காத்திருந்தது. 1980களில் மறுபடி கோயம்புத்தூர்ப் பக்கத்தில் வருடக்கணக்காகச் சோதனை செய்தார்கள். தோல் வாசருக்குப் பதிலாக நீடித்து உழைக்கும் ஒரு வகை இறப்பர் வாசர் வந்தது. குழாயைக் கழற்றாமலே உள்ளே இருக்கும் ஆடுதண்டை மேலால் இழுத்தெடுக்கும் விதமாக "மார்க் 3" வந்தது. சாவி நாலைந்தும் இரண்டு மூன்று பேரும் இருந்தால் ஊரிலேயே திருத்தலாம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. உத்தரப் பிரதேசத்தில் பாந்தா என்ற மிக வறிய மாவட்டத்தில், 1990களில், எழுத வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்குக் கைப்பம்பி திருத்தும் பயிற்சி கொடுத்தார்கள். தண்ணீர் நின்றால் தூர இடம் நடக்க வேண்டியவர்கள் பெண்கள்தானே. பம்பி பழுதானால் முதலில் தெரிய வருவதும் அவர்களுக்குத்தான். பொருளைப் போலவே அதைத் திருத்தும் அறிவும் ஊருக்குள் வந்து சேர்ந்தால்தான் அது ஊரின் சொத்து. அதற்கு முன்னர் அது வெறும் அன்பளிப்பு.

விளையாட்டுச் சக்கரத்தின் கதை

இப்போது இதற்கு எதிரான ஒரு கதை. தென்னாபிரிக்காவில் ஒரு யோசனை பிறந்தது. பிள்ளைகள் ஏறிச் சுற்றி விளையாடும் சக்கரம் ஒன்றைக் கிணற்றோடு இணைத்தால், விளையாட விளையாடத் தண்ணீர் மேலே தாங்கிக்கு ஏறும். தாங்கியைச் சுற்றி விளம்பரப் பலகை வைத்து, அந்த வருமானத்தில் பராமரிக்கலாம். கேட்பதற்கு எவ்வளவு அழகு! படம் எடுத்தால் அதைவிட அழகு. சிரிக்கும் பிள்ளைகள், கொட்டும் தண்ணீர். 2006 இல் அமெரிக்காவில் பெரிய மேடையொன்றில் கோடிக்கணக்கான டொலர் அறிவிக்கப்பட்டது. 2010 ஆம் ஆண்டுக்குள் 4000 பம்பிகள் என்று இலக்கு வைத்தார்கள்.

நடந்தது என்ன? பிள்ளைகள் கொஞ்ச நேரம் விளையாடினார்கள், பிறகு களைத்துப் போனார்கள். தண்ணீர் வேண்டிய நேரத்தில் அந்தக் கனமான சக்கரத்தைத் தள்ளிச் சுற்றியவர்கள் தாய்மாரும் கிழவிகளும். சில ஊர்களில், வேலை செய்துகொண்டிருந்த கைப்பம்பியைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டியிருந்தார்கள். விலை சாதாரண கைப்பம்பியைப் போலப் பல மடங்கு. ஊரில் ஒருவருக்கும் திருத்தத் தெரியாது. தூரக் கிராமத்தில் விளம்பரம் போட யார் வருவார்? சொன்ன அளவு தண்ணீர் கிடைக்க வேண்டுமானால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணித்தியாலம் விளையாட வேண்டும் என்று 2009 இல் இங்கிலாந்தின் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. கொஞ்சக் காலத்தில் பெரிய கொடையாளிகளே கைவிட்டார்கள்.

அந்தத் திட்டத்தில் கெட்ட மனிதர் யாரும் இல்லை. எல்லோரும் நல்லது செய்ய வந்தவர்கள். கொடுப்பவரின் கண்ணுக்கு அழகாக இருந்தது. தண்ணீர் அள்ளுகிற பெண்ணிடம் ஒருவரும் போய்க் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மலைநாட்டு மின்சாரம்

இலங்கையிலும் நல்ல உதாரணம் உண்டு. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வெள்ளைக்காரர் காலத்திலேயே ஓடையில் சக்கரம் வைத்து இயந்திரம் ஓட்டினார்கள். 1990களில் இருந்து, மின்கம்பி போகாத மலைக் கிராமங்களில் சிறு நீர்மின் திட்டங்கள் வரத் தொடங்கின. ஷூமாக்கர் தொடக்கிய நிறுவனமும் இதில் பங்கெடுத்தது. இரத்தினபுரி, கேகாலை போன்ற மாவட்டங்களில் நூற்றுக்கணக்கான கிராமங்கள் இப்படி விளக்கேற்றின. ஊரவர்கள் தாங்களே கால்வாய் வெட்டினார்கள், கல் சுமந்தார்கள். மின் பாவனையாளர் சங்கம் அமைத்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு வோட்ஸ், மாதம் இவ்வளவு காசு என்று சங்கமே முடிவு செய்தது. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெடியன் ஒருவனுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்தார்கள்.

பின்னாளில் அரசாங்கத்தின் மின்கம்பி அந்த ஊர்களுக்கு வந்து சேர்ந்ததும் பல திட்டங்கள் நின்றுபோயின. குளிரூட்டியும் மின்னழுத்தியும் வேண்டுமென்று சனம் கேட்பது நியாயம்தானே. ஆனால் அத்தனை வருடம் அந்த ஊர்ப் பிள்ளைகள் வெளிச்சத்தில் படித்தார்கள். சங்கம் நடத்தி, கணக்கு வைத்துப் பழகியவர்களும் ஊரில் இருக்கிறார்கள். ஆகவே அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஒரு தொழில்நுட்பத்துக்குக் காலப் பொருத்தமும் உண்டு என்பதே இதில் நாம் கற்கக்கூடியது.

எங்கள் தண்ணீர்

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அந்த நன்னீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் ஒரு பொதுக் கணக்கு. அதன்படி மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏற இடமுண்டு. அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறுகள் ஏன் உவராகிப் போயின என்று இப்போது விளங்கும். இதைவிட, தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டிவிட்டதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைத்திரேற்று கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் அது கூடினால் ஆபத்து.

2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்தபோது மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். அந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. கமக்காரர்களும் கடற்றொழிலாளர்களும் திணறிப்போனார்கள். அப்போது இங்குள்ள சங்கங்களில் "சூரிய சக்தியில் ஓடும் நீர்ப்பம்பி வாங்கிக் கொடுப்போம்" என்ற யோசனை எழுந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்திலும் எழுந்தது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். பத்துக் கமக்காரருக்குச் சூரியப் பம்பி கொடுப்பது ஒரு யோசனை. ஊர்க் குளத்தைத் தூர்வாரி, பொதுக் கிணறுகளைத் திருத்துவது மற்ற யோசனை.

சூரியப் பம்பி நல்ல பொருள். எரிபொருள் செலவு இல்லை, புகை இல்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். மண்ணெண்ணெய் காசு கொடுத்து வாங்குகிற பொருள். ஆகவே கமக்காரர் பயிருக்குப் போதும் என்றவுடன் இயந்திரத்தை நிறுத்துவார். சூரிய ஒளிக்குக் காசில்லை. வெயில் உள்ளவரை பம்பி ஓடிக்கொண்டிருக்கும், நிறுத்த வேண்டிய அவசரம் ஒருவருக்கும் இல்லை. பெரிய ஆற்றங்கரையில் இது பிரச்சினை அல்ல. உவர்நீரின் மேலே நன்னீர் மிதக்கும் குடாநாட்டில், பத்துப் பேர் இப்படி இறைத்தால் பதினோராவது வீட்டுக் கிணறு உவராகலாம். அந்தப் பதினோராவது வீடு எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, எங்கள் கூட்டத்துக்கும் வரப்போவதில்லை.

ஆகவே எனது வாக்கு முதலில் குளத்துக்கு. மாரியில் குளத்தில் தேங்கும் தண்ணீர்தான் கிணற்றுக்கு இறங்குகிறது. தூர்வார ஊராட்களுக்கே கூலி கொடுக்கலாம், உதிரிப்பாகம் தேவையில்லை. கமநலத் திணைக்களத்தின் அனுமதியும் கமக்காரர் அமைப்பின் சம்மதமும் முதலில் எடுக்க வேண்டும். அதன் பின்னர் பம்பி கொடுப்பதானால், ஒரு நாளுக்கு எவ்வளவு நேரம் இறைப்பது என்று கமக்காரர்களே கூடி ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளட்டும். சொட்டு நீர்க் குழாயையும் சேர்த்துக் கொடுப்போம்.

பூட்டிய அறை

2018 இல் வன்னியில் ஒரு பாடசாலைக்குப் போயிருந்தேன். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் கொடுத்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் அங்கே இருந்தது. அதற்கென்று சிறு அறை கட்டி, மாபிள் பதித்து, சுவரில் பெயர்ப்பலகையும் வைத்திருந்தார்கள். அறை பூட்டியிருந்தது. அதிபர் சொன்னார்: "அண்ணை, ஒண்டரை வருசம் நல்லா வேலை செய்தது. பிறகு உள்ளுக்கை இருக்கிற வடி மாத்த வேணும் எண்டாங்கள். அதுக்குக் கொழும்பில இருந்து ஆள் வர வேணும். எங்களிட்டை அதுக்கு ஒரு நிதியும் இல்லை. தந்த ஆக்களிட்டைத் திரும்பக் கேக்கிறதுக்கும் வெக்கமாக் கிடக்கு."

அந்தக் கடைசி வசனம்தான் என் மனதில் நின்றது. நாங்கள் கொடுத்தது அவருக்கு ஒரு கடனைப் போல ஆகியிருக்கிறது. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள்.

சுத்திகரிப்பு இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உப்பும் நைத்திரேற்றும் கூடிய இடத்தில் வேறு வழி இல்லாமல் போகலாம். 2024 இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. நகரங்களுக்கு அப்படிப் பெரியதும் தேவைப்படும். அதற்குச் சம்பளத்துக்கு ஆட்களும் பாகங்களுக்குப் பணமும் அரசாங்கம் ஒதுக்க வேண்டும். ஒரு சிறிய பாடசாலைக்கு யார் ஒதுக்குவது? அதையும் நாங்கள்தான் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

நாங்கள் கேட்க வேண்டியவை

நேயர்களே, ஆகவே உங்கள் சங்கத்தில் அடுத்த முறை ஒரு திட்டம் வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, இதைக் கேட்டது யார்? ஊரில் பாவிக்கப் போகிறவர்களா, அல்லது இங்கே படம் பார்த்த நாங்களா? பாவிப்பவர்களில் பெண்களிடமும் கேட்டாகிவிட்டதா?

இரண்டாவது, பழுதானால் யார் திருத்துவார்? அவருடைய பெயரைச் சொல்ல முடியுமா? "யாராவது பார்ப்பினம்" என்பது பதில் அல்ல.

மூன்றாவது, உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? வவுனியாவிலோ யாழ்ப்பாண நகரத்திலோ கிடைக்காத பாகம் உள்ள பொருளைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், தேயக்கூடிய பாகங்களை முதலிலேயே இரண்டு தொகுதி வாங்கிக் கொடுங்கள்.

நாலாவது, மாதாந்தச் செலவு யாருடையது? பாவிப்பவர்கள் சிறு தொகையாவது கட்டி, கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ புத்தகத்தில் கணக்கு வைக்கட்டும். சேர்க்கும் நிதியில் ஒரு பங்கைத் திறப்பு விழாவோடு முடித்துவிடாமல் பராமரிப்புக்கென்று ஊர் வங்கிக் கணக்கில் வையுங்கள். இரண்டு இளைஞருக்கும் இரண்டு யுவதிகளுக்கும் பயிற்சி கொடுக்கும் செலவையும் அதில் சேருங்கள்.

ஐந்தாவது, இதனால் யாருக்காவது பாதிப்பு உண்டா? யாராவது ஒதுக்கப்படுகிறார்களா? கிணறு எந்த வளவில், அதற்கு எந்தத் தெருவால் போக வேண்டும், எல்லோரும் அள்ளலாமா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எங்கள் ஊர்களைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.

"இவ்வளவு கேட்டால் ஒரு திட்டமும் நடக்காது" என்று எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் சொன்னார். அவருடைய கவலையும் நியாயமானது. ஊரில் சனம் இன்றைக்குத் தாகத்தோடு இருக்கிறது, நாங்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் இந்த ஐந்தும் ஊருக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்கக்கூடியவை. வாட்ஸ்அப்பில் கிணற்றையும் குளத்தையும் நேரிலே காட்டுவார்கள். சனசமூக நிலையத்தில் ஒரு மாலை கூடிக் கதைத்தால் பதில் வந்துவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. நல்ல எண்ணம் என்றாலும் மேலே இருந்து திணித்தால் என்ன நடக்கும் என்பதை 2021 இல் பார்த்தோம். அந்த வருடம் மே மாதத்தில் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தது. இயற்கை விவசாயம் நல்லதுதான். ஆனால் கமக்காரர் தயாராக அவகாசம் கொடுக்கவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது, அதே வருடம் கார்த்திகையில் தடையை நீக்க வேண்டி வந்தது. அரசாங்கத்தைக் குறை சொல்வது எங்களுக்குச் சுலபம். ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து "உங்களுக்கு இதுதான் நல்லது" என்று தீர்மானிக்கும்போது நாங்களும் அதையே சிறிய அளவில் செய்கிறோம்.

கடைசியாக, இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மெல்பேர்ணில் 2000களில் நீண்ட வரட்சி வந்தபோது நீங்கள் சிறுவர்கள். குளிக்கும் தண்ணீரை வாளியில் பிடித்து மரங்களுக்கு ஊற்றியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2008 இல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 155 லீற்றருக்குள் அடங்கப் பாருங்கள் என்று இந்த நகரமே கேட்டது. சனமும் கேட்டு நடந்தது. அந்த வாளியும் கூரைத் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தமான தொழில்நுட்பம்தான். உங்களில் பொறியியல் படிப்பவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கிழமையைக் கைப்பம்பி திருத்துபவரோடு செலவழியுங்கள். அவருக்கு நீங்கள் ஒன்றைக் காட்டலாம். அவரிடம் நீங்கள் கற்பது அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

உங்கள் சங்கத்தில் ஏதாவது திட்டம் பல வருடமாக நன்றாக நடந்துகொண்டிருந்தால், அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், செலவுக்கு என்ன செய்கிறார்கள் என்று எமது வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். மற்றச் சங்கங்களுக்கும் அது பயன்படும்.